நிழல் என்று நம்பி இறக்காதீர்கள்: மதுரைக் கட்டட ஒப்பந்ததாரர்களுக்கும் சைட் பொறியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஒப்பந்ததாரர்களுக்கும், சைட் பொறியாளர்களுக்கும், மேஸ்திரிகளுக்கும் வணக்கம்.

கோடை வந்துவிட்டால் பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை ஆளை வெயிலில் நிறுத்தாதீர்கள் என்று சொல்லப்படுகிறது. மதுரையில் உங்களில் பலர் இதைக் கேட்கவும் செய்கிறீர்கள். கான்கிரீட்டை விடியற்காலைக்கு மாற்றுகிறீர்கள். வெளிப்பூச்சு ஆட்களை உச்சி வெயிலில் சாரத்தை விட்டு இறக்குகிறீர்கள். நல்லது. ஆனால் இறங்கியவர் வீட்டுக்குப் போவதில்லை. “வெயில்ல நிக்க வேணாம்ப்பா, உள்வேலையப் பாரு” என்று சம்ப்புக்குள்ளோ, லிஃப்ட் குழிக்குள்ளோ, மாடிப்படி ஹெட்ரூமுக்குள்ளோ அனுப்பப்படுகிறார். அப்படி உள்ளே போகிறவருக்கு என்ன ஆகிறது என்பதைச் சொல்லவே இந்த மடல். கட்டுமானப் பாதுகாப்பும் தொழில் மருத்துவமும் அறிந்தவர்கள் சேர்ந்து எழுதுகிறோம்.

உழைக்கும் உடம்பு சூட்டைக் கழிக்க மதுரைக் கோடையில் ஒரே வழிதான் உண்டு, வியர்வை காய்வது. வெளிக்காற்று 35 டிகிரியைத் தாண்டிவிட்டால் தோலை விடக் காற்றே சூடாகிவிடுகிறது. காற்றுக்குச் சூட்டைக் கொடுக்க உடம்பால் முடியாது. ஒரு லிட்டர் வியர்வை முழுதாகக் காய்ந்தால் ஏறக்குறைய 580 கிலோ கலோரிச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அதே வியர்வை காயாமல் சொட்டினால் ஒரு பயனும் இல்லை. தண்ணீரும் உப்பும் உடம்பை விட்டுப் போனதுதான் மிச்சம். ஆகவே இடம் எவ்வளவு சூடு என்ற கேள்வியோடு, அங்கே வியர்வை காயுமா என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்தடி நீளம், எட்டடி அகலம், ஏழடி ஆழத்தில் ஒரு சம்ப். கொள்ளளவு ஏறக்குறைய 16 கன மீட்டர். வெளியே 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதம் என்று வைத்துக்கொள்வோம். மதுரையின் வறண்ட பிற்பகலுக்கு அது புதிதல்ல. அந்தக் காற்றில் கன மீட்டருக்கு 13 கிராம் அளவில் நீராவி இருக்கும். சம்ப்புக்குள் 36 டிகிரி என்றால் அந்தச் சூட்டில் காற்று அதிகபட்சம் 42 கிராம் வரை தாங்கும். மீதி இடம் கன மீட்டருக்கு 29 கிராம். மொத்தச் சம்ப்புக்கும் சேர்த்து அரை லிட்டர் கூட இல்லை. உள்ளே பூச்சு வேலை பார்க்கும் இருவர், ஆளுக்கு மணிக்கு ஒரு லிட்டர் வியர்த்தால், காற்று மாறாத பட்சத்தில் கால் மணி நேரத்தில் அந்த இடம் நிரம்பிவிடும். ஈரச் சாந்திலிருந்து எழும் ஆவி இந்தக் கணக்கில் சேரவே இல்லை. அதற்குப் பிறகு உள்ளே இருப்பவர் வேலை பார்ப்பது இட்லிக் கொப்பரைக்குள்.

இதை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றினால் வரும் அளவை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். வியர்வை எவ்வளவு குளிர்விக்கும் என்பதற்கு அதுதான் அளவுகோல். மேலே சொன்ன வெளிக்காற்றுக்கு ஈரக்குமிழ் 24 அல்லது 25 டிகிரி வரும். சம்ப்புக்குள் 36 டிகிரியும் 70 சத ஈரப்பதமும் இருந்தால் ஈரக்குமிழ் 31. சாதாரண வெப்பமானியைப் பார்த்தால் உள்ளே நான்கு டிகிரி குறைவு. மேஸ்திரியும் “உள்ள குளுகுளுன்னு இருக்கு” என்பார், இறங்கிய முதல் ஐந்து நிமிடம் அது உண்மையாகவும் இருக்கும். உடம்பு பார்ப்பது அந்த மற்ற எண்ணை, ஈரக்குமிழை.

சம்ப் ஒன்றுதான் இப்படி என்று நினைக்க வேண்டாம். மேல்மாடி அறையும் ஹெட்ரூமும் வேறு வழியில் ஏமாற்றும். ஐந்தங்குலத் தளம் மேலே வாங்கிய வெயிலைக் கீழ்ப்பக்கம் கடத்த மூன்று, நான்கு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஆகவே சீலிங் அதிகம் சுடுவது மாலை நான்கு, ஐந்து மணிக்கு. மூன்று மணி வரை ஓய்வு கொடுத்துவிட்டு, மூன்றரைக்கு மேல்மாடி சீலிங் பூச்சுக்கோ பட்டிக்கோ ஆளை ஏற்றினால், சாரத்தில் நிற்பவரின் தலைக்கு ஓரடி மேலே சுடும் தளம் இருக்கிறது. ஜன்னலில் பாலிதீன் கட்டியிருந்தால், பட்டி தேய்க்கும் தூசு பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாது என்று பெரும்பாலும் கட்டித்தான் இருக்கிறோம், காற்றும் இல்லை. தூசுக்காக முகத்தில் துண்டும் கட்டியிருப்பார். கப்பலூர்ப் பக்கம் ஷெட் வேலை எடுப்பவர்களுக்குத் தகரக் கூரையைப் பற்றி நாங்கள் சொல்ல வேண்டியதில்லை: கூரைக்கு அடியில் வெல்டிங்கோ வயரிங்கோ பார்ப்பவருக்குக் காற்றை விடக் கூரையின் அனல்தான் முதல் எதிரி. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஊர்ந்து ஏசி பைப் மாட்டுபவர், டக்ட் ஷாஃப்டுக்குள் பிளம்பிங் பார்ப்பவர் இருவரும் இதே வகைதான்.

வெப்பத்தை விட்டுச் சற்று விலகி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். புதிதாகக் கட்டிய சம்ப்பிலும் செப்டிக் டேங்கிலும் சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கிய பலகை) பிரிக்க இறங்கி அடுத்தடுத்து ஆட்கள் சாவது தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப நடக்கிறது. மூடிய தொட்டிக்குள் ஈரப் பலகையும் தேங்கிய தண்ணீரும் நாட்கணக்கில் கிடந்தால், பலகை மக்க மக்க ஆக்சிஜன் தின்னப்படுகிறது, கரியமில வாயு சேர்கிறது. உள்ளே போனவருக்குத் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், பிறகு மயக்கம். வெப்பத்தால் வருவதும் ஏறக்குறைய இதே வரிசைதான். மேலே நிற்பவர் “புழுக்கத்துல மயங்கிட்டான்” என்று நினைத்துக் காப்பாற்ற இறங்குகிறார், அவரும் விழுகிறார். எனவே தொட்டிக்குள் மயங்கியவரை எந்தக் காரணத்தால் மயங்கினார் என்று மேலிருந்து தீர்மானிக்காதீர்கள். வாயு என்றே வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும் முன் நான்கு வகை வாயுவை அளக்கும் மீட்டர் ஒன்றைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி மூன்று மட்டத்திலும் பாருங்கள். ஆக்சிஜன் 19.5 சதத்துக்குக் குறைந்தால் யாரும் இறங்கக் கூடாது. மெழுகுவர்த்தி இறக்கிப் பார்ப்பது சோதனை ஆகாது: கார்பன் மோனாக்சைடு இருந்தாலும் அது எரியும், தின்னர் ஆவி இருந்தால் அதுவே தீ வைக்கும். டீசல் பம்பையோ பெட்ரோல் ஜெனரேட்டரையோ தொட்டிக்குள்ளோ மேன்ஹோல் வாயருகிலோ வைத்து ஓட்டவே கூடாது.

இனி, செய்ய வேண்டியது.

முதல் காரியத்துக்குப் பணம் தேவையில்லை, வேலைத் திட்டத்தை மாற்றி எழுதினால் போதும். சம்ப், லிஃப்ட் குழி, மேல்நிலைத் தொட்டி உட்பூச்சு எல்லாம் காலை ஆறிலிருந்து பத்துக்குள். மேல்மாடி உள்வேலையும் காலையில்தான், தளம் இரவு முழுக்க ஆறியிருக்கும்போது. மதியம் ஆளுக்கு வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்றால், மேலே இன்னும் ஒரு தளமாவது இருக்கிற, இரண்டு பக்கமும் ஜன்னல் திறந்த கீழ்த்தள அறைகளில் கொடுங்கள். கம்பி வளைப்பு, டைல்ஸ் வெட்டு மாதிரி கூரையும் காற்றும் உள்ள வேலைகளை மதியத்துக்கு மிச்சம் வைத்துக்கொள்வது திட்டம் போடுபவரின் சாமர்த்தியம். பல சைட்டுகளில் நடப்பது நேர்மாறு. வசதியான உள்வேலையைக் காலையில் முடித்துவிட்டு, யாருக்கும் பிடிக்காத சம்ப்பை மதியத்துக்குத் தள்ளுகிறார்கள்.

தொட்டி கட்டும்போதே இரண்டு மேன்ஹோல் எதிரெதிர் மூலையில் விடுங்கள், இரண்டடிக்கு இரண்டடி. வீட்டுக்காரர் ஒன்று போதும் என்பார். ஒரே வாய் இருந்தால் உள்ளே போகும் காற்றும் வெளியே வரும் காற்றும் வாயிலேயே முட்டிக்கொண்டு நிற்கும், அடி மட்டத்தில் ஒன்றும் அசையாது. ஏற்கெனவே ஒரு வாய் வைத்துக் கட்டியாகிவிட்டது என்றால் காற்றைத் தள்ளும் புளோயரின் மடக்குக் குழாயை அடித்தளத்துக்கு ஓரடி மேலே வரை இறக்குங்கள். நல்ல காற்றை அடியில் தள்ள வேண்டும். ஈரமும் சூடுமான காற்று அதனால் தள்ளப்பட்டு மேலேறி வாய் வழியாக வெளியேறும். மேலே ஃபேனை வைத்து உறிஞ்சினால் வாயைச் சுற்றியுள்ள காற்றைத்தான் அது இழுக்கும். சமையலறைச் சுவரில் மாட்டும் எக்ஸாஸ்ட் ஃபேனை நீளக் குழாயில் சொருகுவதும் வீண். குழாயின் எதிர்ப்பைத் தாண்டித் தள்ள அதற்குத் திராணி கிடையாது. உள்ளே சக்கரம் சுழலும் சென்ட்ரிஃபியூகல் புளோயர்தான் வேண்டும். மேலே சொன்ன சம்ப்புக்கு, இரண்டு ஆள் இருக்கையில், குழாயின் முனையில் மணிக்கு 500 கன மீட்டராவது, அதாவது நிமிடத்துக்கு 300 கன அடி (சி.எஃப்.எம்.) அளவாவது வர வேண்டும். காற்று எடுக்கும் வாய் மரநிழலில் அல்லது கட்டட நிழலில், ஜெனரேட்டர் புகை எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

நாற்பது டிகிரிக் காற்றை உள்ளே தள்ளினால் இன்னும் மோசமாகாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மதுரையின் கோடைக் காற்று பெரும்பாலும் வறண்டது, அது வியர்வையைக் காய வைக்கும் லாபம் கூடுதல் சூட்டின் நஷ்டத்தை விடப் பெரிது. இந்தக் கணக்கு தப்புகிற நாளும் உண்டு: சாயங்காலம் கோடை மழை கொட்டி, மறுநாள் வெயில் அடிக்கும் நாள். வெப்பமானி மூன்று, நான்கு டிகிரி இறங்கியிருக்கும், எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள், தரையெல்லாம் ஆவி விட்டுக்கொண்டிருக்கும். அன்றைக்குத் தொட்டி வேலையே வேண்டாம். கத்திரி முடிந்தது, இனி பயமில்லை என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். மூடிய இடத்துக்குப் புரட்டாசியும் ஒன்றுதான்.

விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பூச்சு வேலை பார்ப்பவரின் உடம்பிலிருந்து வெளிவரும் சூடு ஏறக்குறைய 300 வாட். சம்ப்புக்குள் 500 வாட் ஹாலஜனைத் தொங்கவிட்டால் ஒன்றரை ஆளை அதிகமாக உள்ளே இறக்கிய கணக்கு. ஐம்பது வாட் எல்.ஈ.டி. ஃபிளட் லைட் அதே வெளிச்சத்தைத் தரும். எந்த விளக்கானாலும், எந்த புளோயரானாலும், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாகத்தான் மின்சாரம் எடுக்க வேண்டும். வியர்வையில் நனைந்து ஈரத்தில் நிற்பவருக்கு மின் அதிர்ச்சி இரட்டிப்பு ஆபத்து. சாதாரணத் தொட்டியிலும் இதைத் தவிர்க்காதீர்கள். பிளக்கைப் பிய்த்து வயரைச் சாக்கெட்டில் குச்சி வைத்து அடைப்பது இன்னும் நம் சைட்டுகளில் சர்வ சாதாரணம்.

அளக்காமல் தீர்மானிக்காதீர்கள். இரண்டு சாதாரண வெப்பமானி வாங்கி, ஒன்றின் குமிழில் பருத்தித் துணி சுற்றி, துணியின் நுனி ஒரு சிறு தண்ணீர்ப் புட்டியில் முங்கியபடி இருக்கட்டும். வேலை நடக்கும் மட்டத்தில் தொங்கவிட்டு, பத்து நிமிடம் கழித்துப் படியுங்கள். உள்ளே நடுத்தர உழைப்பு, அதாவது பூச்சு, பட்டி, வாட்டர்புரூஃபிங் மாதிரி. காற்று 35, 36 டிகிரி. கோடைக்குப் பழகிய ஆள். இந்த மூன்றும் பொருந்தும் இடத்தில், அமெரிக்காவின் தொழில்நல அமைப்பான ஏ.சி.ஜி.ஐ.எச். தரும் வரம்புகளை ஒட்டி இப்படி வைத்துக்கொள்ளலாம்: ஈரக்குமிழ் 26 காட்டினால் முக்கால் மணி வேலை, கால் மணி ஓய்வு. 27 என்றால் அரை மணி வேலை, அரை மணி ஓய்வு. 28 என்றால் கால் மணி வேலை, முக்கால் மணி ஓய்வு. 30ஐத் தொட்டால் யாரும் உள்ளே இல்லை. பிரேக்கர் ஓட்டுவது, மண் அள்ளி மேலே கொடுப்பது போன்ற கடும் உழைப்புக்கு இரண்டு டிகிரி குறைத்தே வையுங்கள். தகரக் கூரைக்கு அடியில் இந்த இரட்டை வெப்பமானி போதாது, அனலையும் அளக்கிற கருங்கோள மீட்டர் வேண்டும். கெமிக்கல் பூசும்போது பிளாஸ்டிக் கோட்டு மாட்டினால் வியர்வைக்கு வழியே இல்லை. அதற்காகவே அந்த அமைப்பு அளவோடு 11 டிகிரியைக் கூட்டிக்கொள்ளச் சொல்கிறது. நம் கோடையில் அதற்கு அர்த்தம், அந்தக் கோட்டோடு தொட்டிக்குள் பகல் வேலை கிடையாது.

மேலே கணக்குப் போட்ட சம்ப்பில் ஈரக்குமிழ் 31 என்று சொன்னோம். இந்த அட்டவணைப்படி அதற்குள் ஆளே இருக்கக் கூடாது.

ஓய்வு கொடுத்தும் அதை ஆட்கள் எடுத்துக்கொள்ளாமல் இருப்பதற்குக் காரணம் சதுரடிக் கணக்கு. சதுரடிக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால், வெளியே வந்து உட்காரும் ஒவ்வொரு கால் மணியும் கொத்தனாரின் சொந்தக் காசு. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு முடித்துவிட்டுத்தான் ஏறுவார். மூடிய இடத்து வேலையை மட்டுமாவது நாள் சம்பளத்துக்கு விடுங்கள், ஓய்வு நேரத்துக்கும் சேர்த்து. தனியாக யாரையும் இறக்காதீர்கள். தொட்டியின் வாயருகே ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும், கலவை சுமக்கவோ டீ வாங்கவோ அவரை அனுப்பக் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பேச்சுக் கொடுப்பது அவர் வேலை. “என்னண்ணே, எத்தனை சட்டி இறக்கணும்?” என்று கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் வந்தால் அதுவே எச்சரிக்கை மணி.

எந்த ஆள் என்பதும் முக்கியம். உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்க ஆரம்பிக்கும், அதிகம் வியர்க்கும், வியர்வையில் உப்பு குறைவாகப் போகும். ஒரு வாரம் வேலைக்கு வராவிட்டால் அந்தப் பழக்கம் கரையத் தொடங்கும். நம் ஊரில் இது சித்திரைத் திருவிழாவோடு நேராக மோதுகிறது. கொடியேற்றத்திலிருந்து அழகர் மலைக்குத் திரும்பும் வரை வேலைக்கு வராத ஆட்கள், திருவிழா முடிந்த கையோடு, நின்றுபோன வேலையைப் பிடிக்க முழு வேகத்தில் இறக்கப்படுகிறார்கள். நேரமோ கத்திரியின் வாசல். இப்படித் திரும்பும் பழைய ஆளுக்கு முதல் நாள் பாதி நேரம், பிறகு 60 சதம், 80 சதம், நான்காம் நாள் முழு நேரம் என்பது அமெரிக்க அரசின் நியோஷ் நிறுவனம் சொல்லும் அளவு. முற்றிலும் புதிய ஆளுக்கு முதல் நாள் 20 சதம், நாளுக்கு 20 சதம் கூட்டலாம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறவர்கள் வெயிலுக்குப் பழகியவர்கள்தானே என்று இறங்கிய அன்றே குழிக்குள் அனுப்பாதீர்கள். இரண்டு மூன்று நாள் ரயிலில் தூக்கமின்றித் தண்ணீர் குறைவாகக் குடித்து வந்திருப்பார். காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருப்பவர், முந்தின இரவு குடித்தவர், பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர் இவர்களுக்கு அன்று மூடிய இடத்து வேலை கூடாது. காலையில் கேட்டால்தான் சொல்வார்கள், அதுவும் சம்பளம் போகாது என்று தெரிந்தால்.

தண்ணீர். கால் மணிக்கு ஒரு தடவை ஒரு டம்ளர், அதாவது 200 முதல் 250 மில்லி. மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டாம்; வெறும் தண்ணீரையே அளவில்லாமல் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்து அதுவே ஆளை விழ வைக்கும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வியர்க்கும் வேலை என்றால் உப்பும் சேர வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் குடிநீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும். உப்பு போட்ட நீர்மோரும் நீராகாரமும் நன்றாகவே வேலை செய்யும். சர்பத்தும் கலர் சோடாவும் தாகத்துக்கு இதமாக இருக்கும், உப்புக் கணக்கில் சேராது. உப்பு மாத்திரையை விழுங்கக் கொடுக்காதீர்கள். குடம் மேன்ஹோல் வாயிலேயே இருக்க வேண்டும். வாட்ச்மேன் ரூம் பக்கம் கேன் இருக்கிறது என்றால், ஏணி ஏறி அங்கே போய்க் குடித்து வர ஆள் மெனக்கெட மாட்டார்.

சித்தாள் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை என்று மேஸ்திரிகள் குறைபட்டுக்கொள்வார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும்: சைட்டில் ஒதுங்க இடமில்லை. காலையில் வீட்டில் குடித்ததோடு சாயங்காலம் வரை அடக்கிக்கொள்வது அவர்கள் கண்ட வழி. போதாக்குறைக்குச் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை வேறு. பூட்டுப் போட்ட, தண்ணீர் வசதியுள்ள ஒரு கழிப்பறையை வேலை தொடங்கும் முன்பே கட்டாமல், தண்ணீர் குடி என்று அறிவுரை சொல்லிப் பயனில்லை. வெப்பத் தடுப்பில் அதைப் போலப் பலன் தரும் செலவு வேறு இல்லை என்பது எங்கள் கணிப்பு. குடிநீர், கழிப்பறை, முதலுதவி மூன்றும் 1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டத்தின் காலத்திலிருந்தே வேலை கொடுப்பவரின் கடமை. 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அப்படியே.

இனி ஆள் சாய்ந்துவிட்டால். கெண்டைக்காலிலோ வயிற்றிலோ குரக்களி பிடிப்பது முதல் படி. வெளியே கொண்டுவந்து, உப்புக் கரைசல் கொடுத்து, அன்றைக்கு அதே வேலைக்குத் திருப்பி அனுப்பாமல் இருந்தால் போதும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, உடம்பு சில்லிட்டுப் பிசுபிசுப்பது அடுத்தது. நிழலில் படுக்கவைத்து, காலை உயர்த்தி, துணியை நனைத்து விசிறினால் அரை மணியில் தெளிய வேண்டும். தெளியாவிட்டால் மருத்துவமனை. மறுநாள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் தசை கரைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று அர்த்தம், ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, காரணமில்லாமல் கத்தினாலோ, நினைவு தப்பினாலோ, வலிப்பு வந்தாலோ அது வெப்ப வாதம். உள்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். வியர்வை நின்று தோல் வறண்டிருக்கும் என்று எழுதப்பட்டதைப் படித்திருப்பீர்கள். உழைக்கும்போது வரும் வெப்ப வாதத்தில் ஆள் தெப்பமாக நனைந்தும் இருக்கலாம். அக்குளில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து நேரம் கடத்தாதீர்கள், அது குறைத்தே காட்டும். ஒருவர் 108க்குப் போன் போட, மற்றவர்கள் அந்த இடத்திலேயே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். ஒத்தக்கடையைத் தாண்டிய சைட்டிலிருந்து கோரிப்பாளையம் நெரிசலைக் கடந்து அரசு இராசாசி மருத்துவமனை போய்ச் சேருவதற்குள் நேரம் தீர்ந்துவிடும். முதல் அரை மணிக்குள் உள்சூடு 39 டிகிரிக்குக் கீழே வர வேண்டும்.

செய்முறை இதுதான். சட்டை, பெல்ட், பூட்ஸ் கழற்றுங்கள். சைட்டில் எப்போதும் கிடக்கிற தார்ப்பாயை விரித்து ஆளை அதில் கிடத்தி, நான்கு பேர் நான்கு பக்கமும் ஓரத்தை உயர்த்திப் பிடிக்க, ஐந்தாமவர் கியூரிங் ஹோஸைத் திறந்துவிட வேண்டும். மார்பு வரை தண்ணீர் நிற்கட்டும். வெயிலில் கிடந்த ஹோஸில் முதலில் கொதிநீர் வரும், அதைத் தரையில் விட்டுவிட்டுப் பிறகு ஆள் மேல் திருப்புங்கள். ஐஸ் பார் கிடைத்தால் உடைத்துப் போட்டுத் தண்ணீரைக் கையால் கலக்கிக்கொண்டே இருங்கள். தலையைத் தண்ணீருக்கு மேல் ஒருவர் தாங்க வேண்டும். கோடை மாதங்களில் ஒரு தெர்மகோல் பெட்டியில் ஐஸ் வாங்கி வைப்பது சைட்டின் தினச் செலவில் சேரட்டும். நினைவில்லாதவர் வாயில் சோடா, தண்ணீர் எதையும் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் கொடுக்கக் கூடாது, இந்தச் சூட்டை அது இறக்காது. ஆம்புலன்ஸ் வந்தாலும், ஆள் நினைவுக்கு வரும் வரை அல்லது நடுங்கத் தொடங்கும் வரை குளிர்விப்பதை நிறுத்த வேண்டாம் என்று உடன் வருபவரிடம் சொல்லுங்கள்.

இதெல்லாம் ஆள் மேலே வந்த பிறகு. நினைவு தப்பிய 60 கிலோ உடம்பை ஏழடிக் குழியிலிருந்து இரண்டடி வாய் வழியாகக் கையால் தூக்க முடியாது. இறங்கும்போதே முழு உடல் ஹார்னஸ் (பாதுகாப்பு வார்) மாட்டி, கயிற்றை மேலே முக்காலிச் சட்டத்தின் கப்பியில் கோத்திருந்தால் வாயில் நிற்பவர் உள்ளே இறங்காமலேயே இழுத்துவிடலாம்.

இரவையும் கணக்கில் எடுங்கள். பகலில் ஏறிய சூட்டை இறக்க உடம்புக்குக் குளிர்ந்த இரவு வேண்டும். ரிங் ரோட்டுப் பக்கம் பெரிய சைட்டுகளில் வெளியூர் ஆட்கள் தங்கும் தகரக் கொட்டகையில் அது கிடைப்பதில்லை. தகரத்துக்கு மேல் ஓரடி இடைவெளி விட்டுத் தென்னங்கீற்றுப் பந்தல், எதிரெதிர்ச் சுவரில் ஜன்னல், கூரையின் மேல் இரண்டு கோட் சுண்ணாம்பு. வீட்டுக்காரருக்குக் கூல் ரூஃப் டைல்ஸ் பதித்துக் கொடுக்கிற உங்களுக்கு இது தெரியாத வித்தை இல்லை. சமையல் அடுப்பு கொட்டகைக்கு வெளியே போகட்டும்.

வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உண்டு. ஆனால் தொட்டிக்குள் இறந்தவரின் சாவு மாரடைப்பு என்று எழுதப்பட்டுவிட்டால் குடும்பத்துக்கு அந்த வழி அடைபடும். எத்தனை மணிக்கு இறங்கினார், உள்ளே எத்தனை டிகிரி, எத்தனை மணிக்குச் சாய்ந்தார் என்று சைட் டைரியில் எழுதி, மருத்துவமனையில் உள்சூட்டை அளந்து பதியச் சொல்லுங்கள். ஆட்களிடம் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா, புதுப்பித்திருக்கிறதா என்றும் பாருங்கள். கட்டடச் செலவில் ஒரு சதம் அந்த வாரியத்துக்குப் போகிறது. அட்டை இல்லாதவருக்கு அதனால் பலனில்லை.

மாவட்ட நிர்வாகத்துக்கும் மாநகராட்சிக்கும் இந்த மடலின் படியை அனுப்புகிறோம். கோடைக்கால அறிவிப்பில் வெயிலோடு நிறுத்தாமல் மூடிய இடங்களையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும், மாலை ஐந்து மணி வரை மேல்தள உள்வேலையையும் அதில் கொண்டுவர வேண்டும் என்று கேட்டிருக்கிறோம்.

அதற்குக் காத்திருக்காமல் உங்கள் சப்-காண்ட்ராக்ட் வேலை ஆணையில் நாளைக்கே சேர்க்கக்கூடிய பத்தி இது: “சம்ப், தொட்டி, லிஃப்ட் குழி, டக்ட் ஆகியவற்றின் உள்வேலை ஏப்ரல் முதல் புரட்டாசி முடியும் வரை காலை 6 முதல் 10 மணி வரை மட்டும். வாயு மீட்டர், புளோயர், ஹார்னஸ், வாயருகே ஓர் ஆள், குடிநீர் இவை ஒப்பந்ததாரர் செலவு. ஈரக்குமிழ் 30 டிகிரியைத் தொட்டால் வேலை நிற்கும். நின்ற நேரத்துக்கும் நாள் சம்பளம் உண்டு.”

இப்படிக்கு,
கட்டுமானப் பாதுகாப்பு, தொழில் மருத்துவத் துறைகளைச் சேர்ந்தவர்கள்,
மதுரை